கன்னியம்மா லோன்

பொத்தேரியில் பல்கலைக்கழகத்துக்குப் பின்புறம் போகும் சந்தில் ஜாக்குலின் நடத்தும் மெஸ்ஸுக்குப் பெயர்ப் பலகை கிடையாது. தகரக் கொட்டகை, நாலு நீள மேசை, எட்டு பெஞ்சு. மதியம் நூற்றிருபது சாப்பாடு, ராத்திரி எண்பது. ஹாஸ்டல் சோற்றில் நாக்குச் செத்துப்போன பிள்ளைகள் ‘அக்கா மெஸ்’ என்று ஒருவருக்கொருவர் சொல்லிக் கூட்டிவந்ததே விளம்பரம். ஐந்து வருஷம் இப்படி ஓடியது. இந்த வருஷம் ஆடி மாதம் கொட்டகைக்காரர் வந்து, இந்த இடத்தில் மாடி கட்டப்போகிறேன், ஆகஸ்ட் கடைசிக்குள் காலி செய்து கொடுத்துவிடு என்றார்.

சந்தின் முனையில் ஒரு கடை காலியாக இருந்தது. காங்கிரீட் கூரை, குழாயில் தண்ணீர், புகை போக வழி, எல்லாம் இருந்தது. அட்வான்ஸ் இரண்டு லட்சம். முப்பதாம் தேதிக்குள் பணம் வராவிட்டால் ஜூஸ் கடைக்காரனுக்குக் கொடுத்துவிடுவேன் என்று அதன் சொந்தக்காரர் நாள் குறித்துவிட்டார். ஜாக்குலின் கையில் நாற்பதாயிரம் இருந்தது. மீதிக்கு பாங்க்கை விட்டால் வேறு வழியில்லை. அந்தக் கடை கை நழுவினால் சந்தில் வேறு இடம் கிடையாது. நாலு தெரு தள்ளிப் போனால் பிள்ளைகள் தேடி வர மாட்டார்கள்.

ஆகஸ்ட் நாலாம் தேதி பாங்க்கில் லோன் பிரிவில் இருந்த வைஷாலி அவளுடைய தாள்களையெல்லாம் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டே வந்தவள், கணினித் திரையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். மதுரைப் பக்கத்துப் பெண். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்தான் இருக்கும்.

“அக்கா, உங்க கிரெடிட் ரிப்போர்ட்ல ஒரு பழைய கடன் நிக்குதே. கட்டாம விட்டதுன்னு வசூல் கம்பெனிக்குப் போயிருக்கு.”

“எனக்கா? நான் யாருக்கும் கட்டாம வுட்டதில்லம்மா.”

வைஷாலி அந்த நிறுவனத்தின் பெயரை இரண்டு தடவை வாசித்தாள். ஜாக்குலின் கேள்விப்பட்டதேயில்லை. பாக்கி ஏழாயிரத்து நானூற்றி எண்பது. அபராதமும் வட்டியும் சேர்த்துப் பதினெட்டாயிரத்துச் சொச்சம்.

“இது இருக்குற வரைக்கும் மேலிடத்துல பாஸ் பண்ண மாட்டாங்க அக்கா. என்னன்னு விசாரிங்க. ஆனா அவசரப்பட்டு எதையும் கட்டிராதீங்க.”

அந்தக் கடைசி வாக்கியம் ஜாக்குலினின் காதில் சரியாக ஏறவில்லை. தன் பெயர், தன் ஆதார் எண், தன் அப்பா பெயர் எல்லாம் சரியாக அச்சாகியிருந்த ஒரு தாளில், தான் செய்யாத ஒரு காரியம் எழுதியிருப்பதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். தன்னைப்போல இன்னொருத்தி எங்கோ நடமாடிக்கொண்டிருக்கிறாள் என்று யாரோ சொன்னதுபோல் இருந்தது.

இரண்டாம் நாள், மோப்பம் பிடித்ததுபோல் அந்த வசூல் கம்பெனியிலிருந்தே போன் வந்தது. அவளுடைய நம்பர் எப்படிக் கிடைத்ததோ. பேசியவன் மரியாதையாகவே பேசினான். “மேடம், மொத்தம் வேணாம். ஒன்பதாயிரம் போடுங்க, பைலை மூடிடலாம். இன்னைக்கு மட்டும்தான் இந்த ஆபர்.”

கணவன் ஜெபகுமார் கல்லூரி பஸ் ஓட்டுகிறவன். எதிலும் வண்டியை நிறுத்தாமல் போய்ச் சேரவேண்டும் என்பவன். “குடுத்துத் தொலைச்சுடு ஜாக்கு. ஒம்போதாயிரத்துக்குப் பாத்துகினு இருந்தா கடை பூடும்” என்றான். அவளும் போனை எடுத்து நம்பரைக்கூடத் தட்டிவிட்டாள். என்னவோ தோன்றி வைஷாலியிடம் ஒரு வார்த்தை கேட்டாள்.

“வேணாம்க்கா! பாதி கட்டுனா ‘சமரசம் பண்ணி முடிச்சது’ன்னுதான் பதிவாகும். அது வருஷக்கணக்கா நிக்கும். அதோட, கட்டுனீங்கன்னா அது உங்க பாக்கிதான்னு நீங்களே ஒத்துக்கிட்ட மாதிரி. முதல்ல அது எந்தக் கடன்னு எழுத்துல கேளுங்க.”

அந்தப் பெண் சொன்னபடியே ஜாக்குலின் வசூல் கம்பெனிக்கு மெயில் போட்டாள். மூன்றாம் நாள் ஒரு பக்கம் பதில் வந்தது. 2019 ஜூன். மகளிர் குழுக் கடன். முப்பதாயிரம். ஐம்பது வாரத் தவணை, வாரம் அறுநூற்றி எண்பது. அதில் முப்பத்தொன்பது வாரம் கட்டியிருக்கிறது. பதினொரு வாரம் பாக்கி. விலாசம் செய்யூர்.

செய்யூர் என்று பார்த்ததும் அவளுக்குப் புரிந்துபோனது. அது ஜாக்குலினின் கடனே இல்லை. அது கன்னியம்மா லோன்.

செய்யூருக்கு வெளியே அவர்கள் காலனியில் பதினாறு பெண்கள் சேர்ந்த குழு ஒன்று இருந்தது. செங்கல்பட்டிலிருந்து ஒரு மைக்ரோ பைனான்ஸ் கம்பெனி செவ்வாய்க்கிழமை தோறும் ஆள் அனுப்பி வசூலிக்கும். அறுபதை நெருங்கியவர்களுக்குக் காப்பீடு கிடையாது, ஆகவே கடனும் கிடையாது. அப்படிப்பட்டவர்களுக்கு இளையவள் ஒருத்தி பெயர் கொடுப்பாள். பணத்தை வாங்குவதும் கட்டுவதும் பெரியவள் பாடு. சட்டப்படி சரியில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் எல்லாக் குழுவிலும் நடந்தது. அத்தை முறையான கன்னியம்மாவுக்குக் கறவை மாடு வாங்க முப்பதாயிரம் தேவைப்பட்டபோது ஜாக்குலின் கையெழுத்துப் போட்டாள். போட்டதோடு மறந்தும் போனாள். கடன் அட்டை கன்னியம்மா வீட்டில், தவணை கன்னியம்மா கையில், குழுவில் கூப்பிடும்போதுகூட “கன்னியம்மா லோன் வந்துச்சா?” என்றுதான் கேட்பார்கள். அடுத்த ஜனவரியில் ஜெபகுமாருக்குப் பஸ் வேலை கிடைத்துப் பொத்தேரிக்கு வந்துவிட்டார்கள். சிம் கார்டும் மாறியது.

காகிதத்தில் யார் பெயரோ கடன் அவருடையது என்பது பாங்க்கின் கணக்கு. தின்றவர் யாரோ அவருடையது என்பது காலனியின் கணக்கு. இரண்டாவது கணக்கிலேயே வளர்ந்தவளுக்கு முதலாவது நினைவில் நிற்காமல் போனதில் வியப்பில்லை.

ஆனால் அன்று அவள் அப்படியெல்லாம் யோசிக்கவில்லை. போனை எடுத்தாள்.

“இன்னா அத்த, பதினோரு வாரத்துத் துட்டக் கட்டாமத் துன்னுட்டியா? உன்னால என் பேரு நாறிக் கெடக்குது. கடை பூடும் போல கீது.”

அந்தப் பக்கம் மாடு கத்துவது கேட்டது.  “சரி, வை போனை” என்றாள் கன்னியம்மா.

மறுநாள் பதினொரு மணிக்குக் கன்னியம்மா கொட்டகை வாசலில் நின்றாள். செய்யூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். தோளில் ஜவுளிக்கடை மஞ்சள் பை. முகத்தில் கோபம் இருந்ததா என்று சொல்ல முடியாது. வெயிலில் வந்த முகம், அவ்வளவுதான். தண்ணீர் கொடுத்ததைக் குடித்தாள். சோறு வேண்டாம் என்றாள். பையிலிருந்து கடன் அட்டையை எடுத்து மேசைமேல் போட்டாள். முப்பத்தொன்பது கட்டங்களில் கையெழுத்து. மீதிப் பதினொன்று வெறுமையாக இருந்தன.

“பாத்துக்கினியா? நீ சொன்னது கரெக்டு.”

ஜாக்குலின் அட்டையைத் தன் பக்கம் இழுத்துக் கட்டங்களை எண்ணினாள்.

கன்னியம்மா பையில் கைவிட்டு ஒரு போனை எடுத்தாள். கண்ணாடி சிலந்தி வலைபோல் விரிந்திருந்தது. “அந்த ரோகம் வந்த வருசம் அட்டையத் தொடக்கூடாதுன்னு கம்பெனியில ஆர்டராம். வசூலுக்கு வர்ற ஜோயலு தம்பி ரோட்டாண்டயே நின்னுகினு துட்ட வாங்கினு போவும். கையெழுத்து இல்லாம நான் எப்டிடா நம்புறதுன்னேன். எனக்குப் படிக்கத் தெரியாது, நீ வாயால சொல்லு, போன்ல போடுன்னேன். இந்தப் போனையே அதுக்குத்தான் பழசு வாங்கினேன்.”

விரலால் தேடி, தட்டினாள்.

காற்றில் சவுக்குத் தோப்பு இரைகிற சத்தம். முகமூடிக்குள்ளிருந்து ஒரு இளைஞனின் குரல். “கன்னியம்மா. அறுநூத்தி எண்பது. நாப்பதாவது வாரம். வாங்கிட்டேன்.”

அடுத்தது. பின்னால் ஒரு பஸ் ஹாரன். “கன்னியம்மா. அறுநூத்தி எண்பது. நாப்பத்தியோராவது வாரம். வாங்கிட்டேன். போதுமா ஆயா?” “ஆயான்னு சொல்லாதடா” என்று கன்னியம்மாவின் குரலும் அதில் பதிவாகியிருந்தது.

பதினொன்றும் இருந்தன. ஐம்பதாவதில் ஜோயல் சிரித்துக்கொண்டே, “முடிஞ்சுது, மாட்டுக்கு மாலை போடு” என்றான். சாப்பிட வந்த இரண்டு பையன்கள் தட்டைக் கையில் வைத்தபடி கேட்டுக்கொண்டு நின்றார்கள். ஒருவன், “ஆன்ட்டி, செம ரசீது” என்றான்.

“துன்னுட்டேன்னியே” என்றாள் கன்னியம்மா. குரலை உயர்த்தவில்லை. ஜாக்குலினுக்குக் கண்ணை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அத்தை என்று ஆரம்பித்தாள். கன்னியம்மா மறித்தாள். “அதெல்லாம் அப்பால பேசலாம். சாம்பாரு அடி புடிக்குது பாரு.”

மறுநாளே இருவரும் செங்கல்பட்டில் அந்த மைக்ரோ பைனான்ஸ் கிளைக்குப் போனார்கள். கவுன்டரில் இருந்தவர் குரல்களைக் கேட்கக்கூட விரும்பவில்லை. கடன் ஜாக்குலின் பெயரில். குரல் கன்னியம்மா என்கிறது. “அது வேற மெம்பரும்மா. அதுவுமில்லாம இந்த பாக்கிய எப்பவோ வித்துட்டோம். வாங்குனவங்ககிட்ட பேசிக்குங்க.” வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் நின்றபோது ஜாக்குலினுக்கு விசித்திரமாக இருந்தது. எந்தப் பழக்கம் தன்னை மறக்க வைத்ததோ, அதே பழக்கம் சாட்சியையும் செல்லாததாக்கிவிட்டது. பணம் கட்டியது உண்மை. வாங்கியது உண்மை. இரண்டுக்கும் நடுவில் ஒரு பெயர் மட்டும் இடம் மாறி உட்கார்ந்திருந்தது.

ஜோயல் அந்த வேலையில் இல்லை. 2021-இல் ஆள் குறைத்தபோது போய்விட்டான். கன்னியம்மாவிடம் நம்பர் இருந்தது. பொங்கலுக்குப் பொங்கல் பேசுவானாம். இப்போது முட்டுக்காட்டில் படகுத் துறையில் டிக்கெட் கிழிக்கிறான்.

பதினேழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், ஜாக்குலின் டிக்கெட் வரிசையில் நின்று அவனைப் பிடித்தாள். அட்டையைக் காட்டினாள். அவன் உணவு இடைவேளையில் வெளியே வந்து, கழிமுகத்தைப் பார்த்தபடி கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு முழுவதையும் கேட்டான்.

“துட்ட நான் கட்டிட்டேன் அக்கா. அன்னன்னைக்கே. சத்தியமா.”

“உன்ன சந்தேகப்பட்டு வரல தம்பி. துட்டு எங்க போச்சின்னுதான் தெரியல.”

அவன் நகத்தைக் கடித்தான். பிறகு சட்டென்று நிமிர்ந்தான். “அக்கா, அட்டை இருந்தா லோன் நம்பரப் பாத்து எழுதுவேன். அப்ப அட்டையத் தொடலியே. வெறும் பேர எழுதி ஆபீஸ்ல குடுத்தேன். கன்னியம்மான்னு எழுதிட்டேன். எல்லாரும் அப்டித்தான சொல்லுவாங்கோ... ஆபீஸ்ல கன்னியம்மான்னு தேடி, அது முன்னாடி வாங்கி முடிச்ச பழைய லோன்ல போட்டுட்டானுங்க போல கீது.”

“நீ வந்து சொல்றியா?”

 பெயர் மாற்றிக் கடன் போட்டது தெரிந்தும் சும்மா இருந்தவன் அவன். இன்னொரு கம்பெனியில் வேலைக்கு மனுப்போட்டு, பழைய இடத்திலிருந்து நற்சான்று வரும் என்று காத்திருக்கிறான் என்பதையும் மெதுவாகச் சொன்னான். தண்ணீரில் ஒரு படகு திரும்பிக்கொண்டிருந்தது, குழந்தைகள் கத்தின. “வியாழக்கிழமை எனக்கு லீவு” என்றான் கடைசியில்.

வியாழக்கிழமை மூன்று பேரும் கிளை மேலாளர் கலைவாணன் முன் உட்கார்ந்தார்கள். ஜோயல் மரியாதைக்குச் சட்டையை உள்ளே விட்டிருந்தான். கலைவாணன் முதலில் நேரமில்லை என்றார். ஜோயல், “சார், செய்யூர் பதினாலாம் சென்டர், கன்னியம்மா பழைய அக்கவுண்டு, ஒரு தபா தொறந்து பாருங்க” என்றான். அவர் தட்டினார். திரையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் மாட்டிக்கொண்டு பார்த்தார்.

“பதினோரு என்ட்ரி. ஏழாயிரத்து நானூத்தி எண்பது. கடன் முடிஞ்சப்புறம் வந்த அதிகப் பணம்.” அவர் குரலே மாறிவிட்டது. “இது யாருதுன்னு தெரியாம வருசா வருசம் ஆடிட்டருக்குப் பதில் எழுதிகினு கீறேன்யா!”

கன்னியம்மா போனை மேசைமேல் வைத்து முதல் குரலைத் தட்டினாள். தேதி திரையில் இருந்த தேதியோடு ஒத்துப்போனது. இரண்டாவது ஒத்துப்போனது. ஐந்தாவதோடு அவர் போதும் என்று கை காட்டினார். பிறகு பேனாவைத் திறந்துவிட்டுக் கேட்டார்: “ஜாக்குலின் கடனுக்கு ஏன் கன்னியம்மா பேர்ல பணம் வந்துச்சு?”

 அவருக்கும் விடை தெரியாமலிருக்க வழியில்லை. எழுதுவதற்கு ஒரு வாக்கியம் வேண்டும், அவ்வளவே.

“நான் பேரு தப்பா எழுதிட்டேன் சார்” என்றான் ஜோயல்.

“எழுதிக் குடுப்பியா?”

“குடுக்கறேன்.”

அது முழு உண்மையில்லை. பொய் என்றும் சொல்ல முடியாது. அவன் குனிந்து எழுதுவதை ஜாக்குலின் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்லவன் என்று உடனே முடிவுகட்ட அவளுக்கு மனம் வரவில்லை. அன்று கொஞ்சம் கவனமாக எழுதியிருந்தால் இது எதுவுமே நடந்திருக்காது. ஆனாலும் தவறியவர்கள் நாலைந்து பேர் இருக்கும் ஒரு காரியத்தில், தன் பங்குக்குமேல் ஒருவன் எடுத்து வைத்துக்கொள்கிறான்; அதற்காக ஒரு நாள் விடுமுறையையும் ஒரு நற்சான்றையும் பணயம் வைக்கிறான். இதற்கு என்ன சொல் பொருந்தும் என்று தெரியாமல், வெளியே வந்ததும் சாப்பிட்டுவிட்டுப் போ என்றாள். “மெஸ் வச்சிகினு கீறவங்க வெளிய வாங்கித் தர்றீங்களா?” என்று சிரித்தான். பிரியாணி வாங்கிக் கொடுத்தாள். கன்னியம்மா தன் பங்கு முட்டையை அவன் இலையில் வைத்தாள்.

கன்னியம்மாவின் பழைய கணக்கிலிருந்து பணம் ஜாக்குலின் கடன் கணக்குக்கு மாறியது. விற்ற பாக்கியைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் செங்கல்பட்டுக்காரர்கள் வசூல் கம்பெனிக்குக் கடிதம் எழுதினார்கள். இருபத்தைந்தாம் தேதி, கடன் முழுதும் தீர்ந்தது, பாக்கி இல்லை என்ற சான்று வந்தது. ரிப்போர்ட்டில் அது ஏறுவதற்கு மாதம் ஒன்று ஆகலாம் என்றார்கள். வைஷாலி காத்திருக்கவில்லை. சான்று, இரண்டு கணக்கு நகல், ஜோயலின் கடிதம், ரிப்போர்ட்டில் தவறென்று ஆட்சேபணை பதிவு செய்த எண் எல்லாவற்றையும் சேர்த்து, ஒரு பக்கம் தானே விளக்கம் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டு மேலிடத்துக்கு அனுப்பினாள். சேர்ந்து ஒரு வருஷமே ஆன பெண் அப்படிக் கையெழுத்துப் போடுவது சுலபமில்லை என்று ஜெபகுமாரே சொன்னான். இருபத்தொன்பதாம் தேதி மாலை நாலு மணிக்குப் பணம் வந்தது. ஐந்து மணிக்குக் கடைச் சாவி கைக்கு வந்தது.

புதுக் கடையில் அடுப்பு மூட்டிய மறு வாரம், மெஸ்ஸுக்கு விடுமுறையான ஞாயிறு மதியம், ஜாக்குலின் செய்யூர் பஸ் ஏறினாள். வழியெல்லாம் என்ன பேசுவதென்று ஒத்திகை பார்த்தாள். ஒவ்வொரு வாக்கியமும் சர்ச்சில் படிக்கிற மாதிரி வந்தது.

கன்னியம்மா வீட்டு வாசலில் சாக்கு விரித்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். மாடு கொட்டிலில் அசை போட்டது.

“குந்து. நீயும் உரி.”

ஜாக்குலின் உட்கார்ந்தாள். ஒரு கைப்பிடி அள்ளி உரிக்கத் தொடங்கினாள்.

“அன்னிக்கு அப்டிப் பேசியிருக்கக் கூடாது அத்த.”

“ஆமா, கூடாது.”

அவ்வளவுதான். அதற்குமேல் அதில் ஒன்றுமில்லை என்பதுபோல் கன்னியம்மா அடுத்த கைப்பிடிக் கடலையை மடியில் இழுத்துக்கொண்டாள். “அஞ்சு வருசமா என் பேர்ல துட்டு தூங்கிகினு இருந்துச்சே, அதுக்கு வட்டி இன்னான்னு அந்தக் கண்ணாடிக்காரன் சொன்னானா?”

“கேட்டேன். சிரிச்சாரு.”

“சிரிப்பான், சிரிப்பான்.”

ஜாக்குலின் நெடுநேரம் மனதில் வைத்திருந்ததைக் கேட்டாள். “அத்த, அப்ப மூணு மாசம் கட்ட வேணாம்னு சொன்னாங்க. அப்பறமும் பாதிப்பேரு கட்டல. வேலையில்ல, பாலு ஊத்த ஆளில்ல. நீ மட்டும் வாராவாரம் எப்டிக் கட்டுன? எதுக்குக் கட்டுன?”

கன்னியம்மா உரித்த பருப்பிலிருந்து சொத்தையைப் பொறுக்கி எறிந்தாள்.

“பின்ன? உன் பேராச்சே. என் பேர்ல இருந்திருந்தா கட்டியிருக்க மாட்டேன்டி.”

ஜாக்குலினுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண் நிறைந்தது. கன்னியம்மா அதைப் பார்க்காததுபோல் முறத்தை அவள் பக்கம் தள்ளினாள். நாலரை பஸ் ரோட்டில் ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று. அடுத்த பஸ் ஏழரைக்குத்தான். ஜாக்குலின் எழுந்திருக்கவில்லை, முறத்தை மடிக்கு இழுத்துக்கொண்டாள். மூட்டையில் இன்னும் பாதிக்கு மேல் கடலை கிடந்தது.